திரும்பி நின்று எடை பார்த்த வருடம்

பூசணியின் அம்மாவுக்கு எண்பது வயது நிறைகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விருந்து. அன்றைக்கு என்னை முன்னால் நிறுத்தி, "என் பொண்ணு உயிரைக் காப்பாத்தினவ இவதான்" என்று சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் சொல்லப்போகிறாராம். போனில் சொன்னார். "நீயும் நாலு வார்த்தை பேசணும் கண்ணு. மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதே." முப்பத்தொரு வருடமாக அவர் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் முப்பத்தொரு வருடமாகத் திருட்டு முழி முழித்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் உயிரைக் காப்பாற்றியதாகச் சொல்கிற அந்த நாளில் உண்மையில் என்ன நடந்தது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். போன செவ்வாய்க்கிழமை வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பூசணி என் தோழி. அவள் பூசணி என்றால் நான் தர்பூசணி. முதல் பெயரை வகுப்பு வைத்தது. இரண்டாவதை நாங்களே வைத்துக்கொண்டோம், மற்றவர்களுக்கு எதற்குச் சிரமம் என்று. பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்க வந்த முப்பத்தெட்டுப் பேரில் குண்டு என்று பெயர் வாங்கியவர்கள் நாங்கள் இரண்டே பேர். எண்ணிப் பார்த்தால் எங்களைப் போல இன்னும் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஆனால் அவர்கள் பையன்கள். பையன் பருமனாக இருந்தால் ஆள் வாட்டசாட்டம். பெண் பருமனாக இருந்தால் பூசணி. இந்தக் கணக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை, ஆனால் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

எங்கள் வகுப்பறை நாற்காலிகளைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் காலத்தைப் பற்றிப் பேச முடியாது. ஒவ்வொரு நாற்காலியின் வலது கைப்பிடியிலும் ஒரு எழுதுபலகை பொருத்தியிருக்கும். உட்கார்ந்த பிறகு அதைத் தூக்கி வயிற்றுக்கு முன்னால் படுக்கவைக்க வேண்டும். எங்களுக்கு அது படுக்காது. பாதி வழியில் வயிற்றில் முட்டிக்கொண்டு நிற்கும். கடைசி வரிசையில் பலகை உடைந்துபோன இரண்டு நாற்காலிகள் இருந்தன. அவை எங்களுடையவை. வேறு யாரும் பிடித்துவிடக் கூடாதென்று காலையில் கதவு திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நிற்போம். இவ்வளவு அக்கறையான மாணவிகளைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று பேராசிரியர் மெச்சிக்கொண்டார். மடியில் நோட்டை வைத்து எழுதி எழுதி என் கையெழுத்து இன்றுவரை ஒரு பக்கமாகச் சாய்ந்தே கிடக்கிறது.

அந்த இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்து நாங்கள் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. எதற்குச் சிரித்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பேராசிரியர் கரும்பலகையில் எழுதும்போது அவருடைய ஒரு காது மட்டும் ஆடும். அது போதும் எங்களுக்கு. சத்தம் வராமல் சிரிப்போம். வயிறு குலுங்கி, நாற்காலி கிரீச்சிட்டு, முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வகுப்பு முடிந்ததும் கேன்டீன். எங்கள் தலை தெரிந்ததுமே கேன்டீன்காரர் கேட்காமலேயே இரண்டு பன்னை நடுவில் வெட்டி வெண்ணெய் தடவ ஆரம்பிப்பார். ஜன்னல் ஓரத்து மேஜை, ஆறிப்போன டீ, எதிரே நூலகத்தின் நீளமான படிக்கட்டு. அதற்குப் பிறகு எனக்குப் பட்டம் கிடைத்தது, வேலை கிடைத்தது, சொந்த வீடும் வந்தது. அந்த மேஜை மாதிரி ஒரு இடம் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

இரண்டாம் வருடம், மாணவர்களின் உடல் பருமன் பற்றி ஒரு ஆய்வு தொடங்கினார் பல்கலைக்கழகச் சுகாதார நிலையத்தின் டாக்டரம்மா. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லோரும் போய் எடை பார்த்துக்கொள்ள வேண்டும். கூடத்தின் நடுவில் ஆள் உயர இரும்பு எடை மெஷின் ஒன்று நின்றது. கீழே தட்டில் ஏறி நின்றால், மேலே குறுக்குக் கம்பியில் இரண்டு சின்ன இரும்புக் கட்டிகளை நகர்த்தி எடை பார்ப்பார்கள். நர்ஸ் பார்ப்பார். எழுதுகிறவர் கூடத்தின் கடைசியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் இருபதடி தூரம். அதனால் நர்ஸ் ஒவ்வொரு எண்ணையும் கூவினார். சந்தையில் கூவுகிறவர்களுக்குக்கூட அந்தத் தொண்டை கிடையாது.

"ஐம்பத்தி நாலு! அடுத்த ஆள். அறுபத்தி ஒண்ணு! அடுத்த ஆள்."

வரிசையில் பூசணி எனக்கு முன்னால் நின்றாள். தட்டில் ஏறினாள். நர்ஸ் கட்டியை நகர்த்தினார், இன்னும் நகர்த்தினார், கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார்.

"தொண்ணூத்தி எட்டு!"

கூடத்தில் யாரோ ஒருவன் விசிலடித்தான். சிரிப்பு ஒரு மூலையில் கிளம்பி இன்னொரு மூலைக்குப் போனது. பூசணியும் சிரித்தாள். அவளுடைய சிரிப்புகள் அத்தனையும் எனக்குத் தெரியும். இது அவற்றில் ஒன்று இல்லை. அவள் தட்டிலிருந்து இறங்கி என்னைத் தேடித் திரும்பினாள். நான் அங்கே இல்லை. வரிசையிலிருந்து நழுவிப் பக்கத்துக் கதவு வழியாக வெளியே போய்விட்டிருந்தேன். இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

கேன்டீனில் வந்து சேர்ந்தாள். நான் ஓடிப்போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பன்னைப் பிய்த்துக்கொண்டே, "இளைச்சா ரெண்டு பேரும் ஒண்ணா இளைப்போம்டி. இல்லேன்னா ரெண்டு பேரும் இப்படியே இருப்போம். ஒருத்தி மட்டும் கழண்டுக்கக் கூடாது. சரியா?" என்றாள்.

"சத்தியமா" என்றேன். வாயில் வெண்ணெய்.

மறுநாளே டாக்டரம்மாவிடம் போய், எடை பார்க்கும் வேலையை நான் சும்மாவே செய்து தருகிறேன் என்று கேட்டேன். புள்ளியியல் மாணவி, தானாக வந்து கேட்கிறாள் என்று அவருக்குச் சந்தோஷம். அடுத்த தடவை மெஷின் என் பொறுப்பில் வந்தது. எழுதும் மேஜையை மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். வருகிறவர்களை மெஷினின் கம்பத்துக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னேன். எண் அவர்கள் கண்ணில் படாது. நான் பார்ப்பேன், வாயைத் திறக்காமல் எழுதுவேன். அவர்களாகக் கேட்டால் ஒரு துண்டுத் தாளில் எழுதி மடித்துக் கொடுப்பேன். அவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு. அதற்கே பருமனான பிள்ளைகள் எனக்குத் தலையாட்டி வணக்கம் வைக்க ஆரம்பித்தார்கள். பக்கத்துத் துறையில் ஒரு பெரிய பையன், இறங்கியதும் "தேங்க்ஸ்க்கா" என்றான். என்னைவிட ஒரு வயது பெரியவன் அவன்.

இதில் இன்னொரு வசதியும் இருந்தது. எடை பார்க்கிறவளை யார் எடை பார்ப்பார்கள்? என் பெயருக்கு நேராக எழுபத்தெட்டு என்று நானே எழுதிக்கொண்டேன். அந்த ஆய்வறிக்கையில் பெண்களின் சராசரி எடை கொஞ்சம் குறைவாக வந்திருந்தால் அதற்கு நான்தான் காரணம்.

அந்தத் தடவை பூசணி தொண்ணூற்றொன்பது. நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பிறகு நீண்ட விடுமுறை வந்தது. விடுமுறை முடிந்து முதல் நாள், நான் வழக்கம்போல் கடைசி வரிசையில் அவள் நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்துக் காத்திருந்தேன். பூசணி வந்தாள். முகம் சின்னதாகியிருந்தது. உடை தோளிலிருந்து தொளதொளவென்று தொங்கியது. மூன்றாவது வரிசைக்கு வந்ததும் நின்றாள். ஏதோ யோசித்தவள், அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பலகையைத் தூக்கி முன்னால் சாய்த்தாள். அது டக்கென்று படுத்தது.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. என்னைத் திரும்பிப் பார்த்து, பலகையைக் கையால் தட்டிக் காட்டினாள். "இங்க வாடி!"

எப்படிப் போவேன்? எனக்கு அது படுக்காதே.

எனக்கு வயிறு எரிந்தது. நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை இருக்கலாம், ஆனால் எரிந்தது என்பதுதான் சரி. கேன்டீனில் கேட்டேன், "என்ன பண்ணினே?"

"ஒண்ணுமே பண்ணலடி. தானா குறையுது."

"தானா குறையறதுக்கு நீ என்ன சோப்பா?"

"சத்தியமாடி" என்றாள். இரண்டு பன் தின்றுவிட்டு மூன்றாவதைக் கேட்டாள். எனக்கு முன்னால் தின்பதாக நடிக்கிறாள், விடுதிக்குப் போய்ப் பட்டினி கிடக்கிறாள் என்று முடிவு கட்டினேன். என் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து ஒரே மூச்சில் காலி செய்தாள். இளைக்க ஆசைப்படுகிறவர்கள் நிறையத் தண்ணீர் குடிப்பார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். வகுப்பு நடுவில் இரண்டு தடவை எழுந்து வெளியே போனாள். நூலகப் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொன்றையும் பார்த்தேன், ஒவ்வொன்றையும் என் எரிச்சலுக்கு விறகாக எடுத்துக்கொண்டேன்.

ஊரே அவளைப் பாராட்டியது. விசிலடித்தவன் நோட்டுக் கேட்டு வந்தான். பேராசிரியர், "குட், இந்தக் கட்டுப்பாடுதான் வேணும்" என்றார், என்னை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே. விடுதிப் பெண்கள் அவளிடம் ரகசியம் கேட்டார்கள். அவள் பெயர் மெல்ல மெல்ல மறைந்துவிட்டது. பூசணி போய்விட்டால் தர்பூசணி மட்டும் எதற்கு? நான் பேச்சைக் குறைத்தேன். பிறகு நிறுத்தினேன். ஜன்னல் மேஜையில் தனியாக உட்கார்ந்தேன். கேன்டீன்காரர் இரண்டு பன்னையும் என் தட்டிலேயே வைத்தார். இரண்டையும் தின்றேன்.

மூன்றாவது எடை நாள் வந்தது. பூசணி வரிசையில் வந்து தட்டில் ஏறி, நான் சொல்லாமலே திரும்பி நின்றாள். இடுப்பில் பாவாடை நிற்காமல் ஊக்கு குத்தியிருந்தாள். பின்கழுத்தில் எலும்பு தெரிந்தது. நான் கட்டியை வழக்கமான இடத்தில் வைத்தேன். கம்பி எழும்பவில்லை. இடது பக்கமாக நகர்த்தினேன். இன்னும் நகர்த்தினேன். எண்பத்திரண்டில் வந்து நின்றது.

பதினேழு கிலோ. சத்தியத்தை மீறிப் பதினேழு கிலோ கழன்றுகொண்டாள். என் தொண்டையில் என்ன புகுந்ததென்று தெரியவில்லை. நிமிர்ந்து, கூடம் முழுவதும் கேட்கும்படி, அந்த நர்ஸைவிட உரக்கக் கத்தினேன்.

"எண்பத்தி ரெண்டு! போன தடவை தொண்ணூத்தி ஒம்போது! பதினேழு கிலோ குறைச்சிருக்கா இவ! எப்படின்னு கேளுங்க!"

அவளை அவமானப்படுத்தத்தான் கத்தினேன். பழைய எண்ணை எல்லோருக்கும் ஞாபகப்படுத்தத்தான் கத்தினேன். நடந்தது வேறு. கூடமே கைதட்டியது. பூசணி திரும்பவில்லை. அவள் முதுகு மட்டும் ஒரு தடவை குலுங்கியது.

திரைக்குப் பின்னாலிருந்து டாக்டரம்மா வெளியே வந்தார். அவர் மட்டும் கைதட்டவில்லை.

"எத்தனைன்னு சொன்னே?"

"பதினேழு."

"மூணு மாசத்துலயா?" பூசணியின் கையைப் பிடித்து இறக்கினார். "நிறையத் தண்ணி குடிக்கிறியாம்மா? அடிக்கடி பாத்ரூம் போறியா? ராத்திரியில கூட எழுந்துக்கறியா?"

எல்லாவற்றுக்கும் பூசணி தலையாட்டினாள். சிறுநீரைச் சோதித்தார்கள், ரத்தத்தைச் சோதித்தார்கள். சர்க்கரை எகிறிக் கிடந்தது. அன்று மத்தியானமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் நினைவு தப்பியிருக்கும், அதற்குப் பிறகு சொல்வதற்கில்லை என்றார்கள். இன்சுலின் ஊசி அன்று ஆரம்பித்தது, இன்றுவரை நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரம்மா பூசணியின் அம்மாவிடம் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "எண்ணை வெளியே சொல்லக் கூடாதுன்னு விதி வச்சவளே இவதான். ஆபத்துன்னு தெரிஞ்சதும் அந்த விதியை மீறிக் கத்தினா பாருங்க. ஊரே கைதட்டறப்போ இவ ஒருத்திதான் கவனிச்சிருக்கா." அம்மா என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த நிமிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் ஒவ்வொரு வருடமும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டுவிட்டது.

இப்போது நான் அதே துறையில் பாடம் நடத்துகிறேன். பூசணி வேறு ஊரில் இருக்கிறாள். வருடத்துக்கு ஒரு தடவை அதே பெரிய ஆஸ்பத்திரியில் கண், சிறுநீரகம் எல்லாம் காட்டிக்கொள்ள வருவாள், என் வீட்டில் தங்குவாள். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பல்கலைக்கழகத்துக்குள் நடக்கப் போனோம். சுகாதார நிலையத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். சாமான்களையெல்லாம் வராந்தாவில் எடுத்துப் போட்டிருந்தார்கள். அலமாரிகளுக்கும் நாற்காலிகளுக்கும் நடுவில் அந்த எடை மெஷின் நின்றது. பச்சை பெயிண்ட் உரிந்திருந்தது. குறுக்குக் கம்பியும் கட்டிகளும் அப்படியே இருந்தன.

பூசணி அதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை நான் வரலடி" என்றேன்.

"ஏன்?"

சொன்னேன். சத்தியம், பன், பலகை டக்கென்று படுத்த சத்தம், வயிற்றெரிச்சல், எல்லாவற்றையும் சொன்னேன். "உன்னைக் காப்பாத்தக் கத்தலடி. பொறாமையில கத்தினேன். உன்னை அசிங்கப்படுத்தக் கத்தினேன்."

பூசணி கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள். "இதைச் சொல்ல உனக்கு முப்பத்தொரு வருஷமா?"

"உனக்குத் தெரியுமா?"

"என்னடி கேள்வி இது? நான் தட்டு மேலதானே நின்னேன். உன் குரல் என் பிடரியில விழுந்துச்சு. அதுல அக்கறையா இருந்துச்சு? 'எப்படின்னு கேளுங்க'ன்னு வேற சொன்னே."

"உனக்குக் கோபம் வரலையா?"

"வராம? ஆஸ்பத்திரியில மூணு வாரமும் கோபம்தான். ஆனா நீ தினமும் வந்து கால்மாட்டுல உட்கார்ந்து பேய் முழி முழிச்சே. அம்மா தேங்க்ஸ் சொல்லும்போதெல்லாம் இன்னும் ஜாஸ்தியா முழிச்சே. சரி, இதுவே தண்டனையா இருக்கட்டும்னு விட்டுட்டேன். ஒவ்வொரு வருஷமும் அம்மாவை உனக்குப் போன் பண்ணச் சொல்றது யாருன்னு நினைச்சே?"

எனக்கு அழுவதா அவளை அடிப்பதா என்று தெரியவில்லை. அவள் மெஷினின் கம்பத்தில் சாய்ந்துகொண்டாள். குரல் இறங்கியது.

"உனக்குத் தெரியாத ஒண்ணு நான் சொல்றேன். உடம்புல ஏதோ சரியில்லேன்னு எனக்கு அப்பவே தெரியும். படியேற முடியலை, கண்ணு மங்குது. தெரியாம இருக்குமா? ஆனா அந்தப் பலகை படுத்துச்சுடி. விசிலடிச்சவனே வந்து என்கிட்ட நோட்டுக் கேட்டான். டாக்டர்கிட்ட போனா சரி பண்ணிடுவாங்க, சரி பண்ணினா திரும்பக் குண்டாயிடுவேன்னு பயந்து போகாமலே இருந்தேன். நீ அக்கறையா, தனியாக் கூப்பிட்டு, 'உடம்புக்கு என்னடி'ன்னு கேட்டிருந்தா சிரிச்சு மழுப்பிட்டுப் போயிருப்பேன். நீ கத்தினதாலதான் டாக்டரம்மா காதுல விழுந்துச்சு. அம்மா சொல்றதுல ஒரு பொய்யும் இல்லை. ஞாயித்துக்கிழமை வந்து பேசாம முழி. அதுதான் உன் வேலை."

நான் மூக்கைச் சிந்திக்கொண்டேன். மனசு எவ்வளவு லேசானது என்று சொல்லி முடியாது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா ஒரு பாக்கி இருக்கு" என்றாள். "என் எடையை உள்ள கூடத்துல ரெண்டு தடவை ஊருக்கே சொன்னாங்க. உன்னுது ஒரு தடவைகூட இல்லை. அன்னிக்கு வரிசையில எனக்குப் பின்னாடி நின்னே. திரும்பிப் பார்த்தா ஆளைக் காணோம். அப்புறம் எழுபத்தெட்டுன்னு எழுதிக்கிட்டே. நான் அந்தத் தாளைப் பார்த்தேன்டி. எழுபத்தெட்டாம்!"

"அதெல்லாம் இப்ப எதுக்கு..."

"ஏறு."

வராந்தாவில் ஏணி மேல் இரண்டு பெயிண்டர்கள். தூரத்தில் மாணவர்கள் நாலைந்து பேர் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஐம்பத்தொரு வயதில், பேராசிரியை என்ற பெயரோடு, செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இரும்புத் தட்டில் ஏறினேன். பழக்கதோஷம், முதுகைக் காட்டி நின்றேன். பூசணி என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"இந்தப் பக்கம் பாரு."

கட்டியை நகர்த்தினாள். நான் நகர்த்தியது போலவே, கம்பி நடுவில் வந்து நிற்கும்வரை பொறுமையாக நகர்த்தினாள். எண்ணை நானும் பார்த்தேன். அவள் மூச்சை இழுத்தாள். அந்த நர்ஸும் நானும் சேர்ந்து கத்தினால்கூட அவ்வளவு சத்தம் வராது.

"தொண்ணூத்தி நாலு!"

நடந்து வந்த மாணவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார்கள். ஏணி மேலிருந்த பெயிண்டர் குனிந்து பார்த்து, "அக்கா, சுவர் ஈரமா இருக்கு, சாஞ்சிடாதீங்க" என்றார். அவ்வளவுதான். இப்படி ஒரு எண்ணுக்குப் பயந்துதான் நான் அன்றைக்குக் கதவு வழியாக ஓடினேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பூசணிக்கும் வந்தது. கடைசி வரிசையில் சிரித்தது போலச் சத்தம் வராமல் சிரித்தோம். என் வயிறு குலுங்கியதில் குறுக்குக் கம்பி மேலும் கீழும் ஆடியது.

"ஆடாம நில்லுடி தர்பூசணி" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சரியாப் பார்க்கணும்."